பதினாறில் ஒரு பங்கு

எங்கள் வீட்டுக்குச் சங்கீதம் மனைவி வழியில் வந்தது. என் வழியில் வந்தது குறட்டை. அவள் கல்யாணத்துக்கு முன்பே அரசாங்கத்தின் சங்கீதப் பரீட்சைகளில் லோயர், ஹையர் இரண்டும் தேறியவள். நான் பள்ளிக்கூடப் பிரார்த்தனையின்போது வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று வாத்தியாரால் கேட்டுக்கொள்ளப்பட்டவன். இப்படிப்பட்ட தம்பதிக்குப் பிறந்த பெண்ணுக்கு ஏழு வயதானதும் வீட்டில் பாட்டு கிளாஸ் பேச்சு எழுந்தது. குழந்தைக்கு யாருடைய தொண்டை வாய்த்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான பரிசோதனை கிடையாது என்று நானும் சம்மதித்தேன்.

"நீயே சொல்லிக் கொடுத்துடேன்" என்றேன்.

"உங்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கத்துக் கொடுத்தது யாரு?"

"எங்கப்பா."

"அதுக்கப்புறம் எத்தனை நாள் ரெண்டு பேரும் பேசிக்கலை?"

அத்தோடு அந்த யோசனை முடிந்தது.

அடுத்தபடியாக, தனியாக வைத்துச் சொல்லிக் கொடுப்பவர்களை விசாரித்தேன். நல்ல டீச்சர்கள் எல்லோரும் இப்போது இரண்டு தேசத்து நேரத்தில் வாழ்கிறார்கள். விடியற்காலை ஐந்தரைக்குக் கலிபோர்னியாக் குழந்தை, ஆறரைக்கு டெக்சாஸ் குழந்தை. அதற்கப்புறம் மிச்சமிருக்கிற அரை மணியில்தான் அடுத்த தெருக் குழந்தை. அந்த அரை மணிக்கான கட்டணமும் டாலரிலிருந்து இறங்கி வர மனமில்லாமல் பாதி வழியில் நிற்கிறது. இந்தச் சமயத்தில்தான் சபா வாசலில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். சிறுவர் சிறுமியருக்கு ஆரம்பநிலைக் கர்நாடக இசை, சனி ஞாயிறு காலை, குழு வகுப்பு. கட்டணம், தனி வகுப்பில் நாலில் ஒரு பங்கு. ஒரு டீச்சரைப் பதினாறு குடும்பங்கள் பகிர்ந்துகொள்வது, எங்கள் அடுக்குமாடியில் தண்ணீர் லாரிக்குப் பங்கு போடுவதைப் போலத்தான் என்று தோன்றியது. அதே கையோடு உள்ளே போய்ப் பணம் கட்டி ரசீது வாங்கிவிட்டேன். தண்ணீர் லாரியிலும் யார் தொட்டிக்கு எவ்வளவு போகிறது என்பதில்தான் சண்டை வரும் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

சென்னைக்குச் சபா புதிதல்ல. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா 1900லேயே வந்துவிட்டது. பிறகு பேட்டைக்கொன்று முளைத்தது. டிசம்பரில் கச்சேரி, மற்ற மாதங்களில் நாடகம் என்பது அவற்றின் ஜீவனம். 1952ல் ஒய்.ஜி. பார்த்தசாரதி குழுவினர் யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்தில், பகலெல்லாம் ஆபீஸில் ஃபைல் புரட்டியவர்கள் சாயங்காலம் சபா மேடையில் மாமனாராகவும் மேனேஜராகவும் மாறிக்கொண்டிருந்தார்கள். 1975ல் ஊருக்கு டெலிவிஷன் வந்தது. மாமனார்களும் மேனேஜர்களும் ஒவ்வொருவராக அந்தப் பெட்டிக்குள் குடிபோய்விட்டார்கள். எங்கள் சபா மட்டும் பிடிவாதமாக மாதத்துக்கு ஒரு நாடகம் போடுகிறது. மற்ற நாளெல்லாம் மண்டபத்தைப் பூட்டி வைத்தால் கரண்டு பில் யார் கட்டுவது? ஆகவே யோகா உண்டு, கண் பரிசோதனை முகாம் உண்டு, புடவைக் கண்காட்சி உண்டு. சனி ஞாயிறு காலையில் பாட்டு.

வகுப்பு நடப்பது மேடையில். கீழே நாற்காலிகளையெல்லாம் தரையோடு முடுக்கி வைத்திருப்பதால் ஜமக்காளம் விரிக்க இடமில்லை. மேடையிலோ கடைசியாகப் போட்ட நாடகத்தின் வீடு அப்படியே நிற்கும். நடுவில் ஒரு சோபா, முன்னால் டீபாய், அதன்மேல் ஒரு கறுப்பு டெலிபோன், மடித்து வைத்த தினசரி. வலது பக்கம் ஒரு கதவு. நாடகத்தில் அது சமையலறைக்குப் போகும். நிஜத்தில் திறந்தால் துடைப்பம் சாத்தி வைத்த சுவர். ஜன்னலுக்கு வெளியே பெயிண்ட்டில் ஒரு தென்னை மரம். நாடகக்காரர்கள் வாடகைக்கு எடுத்த சாமான் என்பதால் சோபாவில் யாரும் உட்காரக் கூடாது என்று சபாவில் கண்டிப்பான உத்தரவு. பதினாறு பிள்ளைகளும் தரையில் சம்மணம் போட்டு, யாருமே உட்காராத அந்தச் சோபாவைப் பார்த்தபடி ஸ ரி க ம பாடுவார்கள். முதல் வகுப்பிலேயே ஒரு பையன் நழுவிப் போய் டெலிபோனை எடுத்துக் காதில் வைத்தான். சற்று நேரம் கேட்டான். பிறகு திரும்பி, "டவர் இல்ல மிஸ்" என்றான்.

டீச்சருக்கு ஐம்பது வயதிருக்கும். பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று அவரை யாரோ சற்று அழுத்தமாகவே வாழ்த்தியிருக்க வேண்டும். ஒரே நேரத்தில் பதினாறும் எதிரில் உட்கார்ந்திருந்தன. கோபமே வராது. ஒரு குழந்தை தண்ணீர் குடிக்கக் கேட்டால் பதினாறுக்கும் தாகம் எடுக்கும், ஒன்று பாத்ரூம் என்றால் ஊர்வலம் கிளம்பும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதனால் யார் கையைத் தூக்கினாலும் அதைத் தாளத்துக்காகத் தூக்கிய கையாகவே எடுத்துக்கொண்டு, "ம், போடு" என்பார்.

கர்நாடக சங்கீதத்துக்குள் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாசல் வழியாகத்தான் நுழைகிறார்கள். சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், அப்புறம் கீதம். இந்தப் பாட வரிசையை வகுத்தவர் என்று 16ஆம் நூற்றாண்டின் புரந்தரதாசரைச் சொல்கிறார்கள். அவர் தாசராவதற்கு முன்னால் பெரிய பணக்காரர், அதைவிடப் பெரிய கருமி, மனைவியின் மூக்குத்தி விஷயத்தில்தான் அவருக்கு ஞானம் வந்தது என்று ஒரு கதை உண்டு. குழு வகுப்பைத் தேர்ந்தெடுத்த எனக்கு அவருடைய சரித்திரத்தில் ஞானம் வருவதற்கு முந்தின பகுதி மிகவும் நெருக்கமாக இருந்தது.

ஆரம்பப் பாடத்துக்கு ராகம் மாயாமாளவகௌளை. 72 மேளகர்த்தாக்களில் 15ஆவது. ஏன் இந்த ராகம் என்று டீச்சரைக் கேட்டேன். ஸவை ஒட்டி ரி, மவை ஒட்டி க. அதே கணக்கில் பவை ஒட்டி த, மேல் ஸவை ஒட்டி நி. கீழ்ப் பாதியும் மேல் பாதியும் ஒரே அச்சு. முதல் நாலு சுரம் பிடிபட்டால் அடுத்த நாலு தானாகப் பிடிபடும் என்றார். நான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சோதித்துப் பார்த்ததில், முதல் நாலு பிடிபடாதவனுக்கு அடுத்த நாலும் அதே அச்சில் பிடிபடாமல் போகிறது என்பதையும் கண்டேன்.

பாட்டைவிடத் தாளம் பார்க்க நன்றாக இருக்கும். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. பெரியவர்களுக்கு இது ஒன்றுமில்லை. ஆறு வயதுக் கையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சுண்டு விரல் சொன்ன பேச்சு கேட்கும். மோதிர விரல் தனியாக மடங்காது. நடு விரலையும் கூட்டிக்கொண்டுதான் வரும். அப்போது இடது கை உதவிக்கு வந்து, மோதிர விரலின் நுனியைப் பிடித்து அமுக்கி, வேலை முடிந்ததும் ஒன்றும் தெரியாததுபோல் மடிக்குத் திரும்பிவிடும். அதற்குள் வாய் இரண்டு சுரம் முன்னே போயிருக்கும். முன் வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் இந்தச் சிக்கலுக்குப் புது வழி கண்டிருந்தாள். மூன்று விரலுக்கும் பதிலாகச் சுண்டு விரலையே மூன்று தடவை மடக்குவாள். எட்டு சரியாக வந்துவிடும். டீச்சர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் விட்டுவிட்டார். அவர் இடத்தில் இருந்திருந்தால் நான் அவளுக்குப் பரிசே கொடுத்திருப்பேன்.

உண்மையான கலவரம் மூன்று காலத்தில்தான். முதல் காலத்தில் ஒரு தட்டுக்கு ஒரு சுரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நாலு. பாட்டு வேகமாகலாம், கை மட்டும் அதே நடையில் இருக்க வேண்டும். இது ஒன்றுதான் சட்டம். ஆனால் வாய் ஓடினால் கையும் ஓடுவது மனித சுபாவம். மூன்றாம் காலம் வந்ததும் பதினாறு கையும் பதினாறு தொடையில் படபடவென்று அடித்துக்கொள்ள, பாட்டு இரண்டாம் காலத்துக்கே வந்து சேர்ந்து, எல்லோரும் மூச்சிறைக்க ஒருவரையொருவர் ஜெயித்துவிட்ட களிப்பில் பார்த்துக்கொள்வார்கள். "யார் முதல்ல முடிக்கிறாங்கன்னு இது போட்டி இல்ல கண்ணா" என்பார் டீச்சர். அப்படியானால் எதற்கு வேகமாகப் பாட வேண்டும் என்று என் பெண் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து கேட்டாள். மஞ்சள் விளக்கு சிவப்பாக மாறுவதற்குள் சந்திப்பைத் தாண்டும் அவசரத்தில் இருந்ததால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்து பாடிக்காட்டச் சொன்னபோதுதான் குழு வகுப்பின் சூட்சுமம் வெளிப்பட்டது. "ஸா..." என்று கணீரென்று ஆரம்பித்தாள். பிறகு ரி க ம வர வேண்டிய இடத்தில் உதடு மட்டும் அசைந்தது. "பா..." என்று மறுபடியும் கணீர். மறுபடி மௌனம். கடைசியில் மேல் ஸ ஒன்று வெற்றிகரமாக வந்து நின்றது. எட்டு சுரத்தில் மூன்று. உதடு அசைந்த விதத்தைப் பார்த்ததும் என் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஞாபகம் வந்தது. தொண்டை யார் வழி என்பது தெளிவாகிவிட்டது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"நடுவுல எங்க கண்ணு?"

"அது மத்தவங்க பாடுவாங்கப்பா."

"இங்க மத்தவங்க யாரும் இல்லையே?"

"அதான் பாடலை" என்றாள், என் மந்த புத்தியைப் பொறுத்துக்கொண்டு.

மனைவி விளக்கினாள். ஸவும் பவும் இடம் மாறாத சுரங்கள். சுருதிப் பெட்டியிலேயே சதா கேட்டுக்கொண்டிருக்கும். கூட்டத்தில் அந்த இரண்டு இடத்திலும் எல்லோரும் தைரியமாக இறங்குவார்கள். இந்த ராகத்தில் ரியும் தவும் அவற்றை ஒட்டி நிற்பதால், அங்கே ஆளாளுக்குச் சறுக்கி எதையோ பிடிப்பார்கள். பதினாறு பேர் சேர்ந்து பாடினால் ஒரு முழு சரளி வரிசை கேட்கும். வீட்டுக்கு வரும்போது ஒவ்வொன்றும் தன் பங்கை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடும். நான் கட்டிய கட்டணத்துக்கு வந்து சேர்ந்தது பதினாறில் ஒரு பங்கு சங்கீதம். கணக்கு தவறவில்லை என்பதில்தான் எனக்கு வருத்தம்.

மற்ற பெற்றோர்களின் வீட்டிலும் இதே நிலவரம்தான் என்பது வாட்ஸ்அப் குழுவில் தெரிந்தது. தினமும் வீட்டில் பாடிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். பதினாறு பதிவுகளையும் வரிசையாகக் கேட்டேன். ஒன்றில் ரி இருந்தது. இன்னொன்றில் க, ம இருந்தன. ஒன்றில் எந்தச் சுரமும் இல்லை, பின்னணியில் பாட்டி ஒருவர் மட்டும் முழுவதையும் அழகாகப் பாடிக்கொண்டிருந்தார். ஒரு பதிவில் குக்கர் விசில் குறுக்கே வந்தது. சரியான நிஷாதம் என்று மனைவி சொன்னாள். எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டினால் ஒரு பாட்டு தேறும் என்று நான் குழுவில் யோசனை தெரிவித்தேன். அதற்கு இரண்டு பேர் கட்டைவிரல் போட்டார்கள். டீச்சர் கும்பிடு போட்டார்.

சாதகத்துக்குச் சுருதி வேண்டுமே. பழைய நாளில் தம்புரா, பிறகு துருத்தி வைத்த சுருதிப் பெட்டி. 1979ல் பெங்களூர் பொறியாளர் ஜி. ராஜ் நாராயண் எலெக்ட்ரானிக் தம்புராவைக் கொண்டுவந்த பிறகு பிளக் செருகினால் சுருதி வந்துவிடுகிறது. இப்போது செல்போன் செயலியிலேயே வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஐந்தரைக் கட்டை வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டீச்சர். ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று போகும், கறுப்புக் கட்டைகள் அரை. ஆண்கள் ஒன்று, பெண்கள் ஐந்து என்ற சுற்றுவட்டாரத்தில் பாடுவார்கள். மகளுக்குத் துணையாக நானும் ஐந்தரையில் சேர்ந்து பார்த்தேன். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று அக்கறையோடு விசாரித்தார். ஒன்றுக்கு இறங்கினேன். அங்கே சத்தமே வரவில்லை.

"நடுவுல வெச்சுப் பாரேன். எனக்கு மூணரை ஒத்துவரும்னு நினைக்கிறேன்."

"மூணரைன்னு ஒண்ணு கிடையாதுங்க" என்றாள் மனைவி. "மூணுக்கும் நாலுக்கும் நடுவுல கறுப்புக் கட்டையே இல்லை."

ஹார்மோனியத்தைப் பார்த்தேன். உண்மைதான். உலகத்தில் இல்லாத சுருதியில்தான் நான் சிறு வயதிலிருந்து பாடிவந்திருக்கிறேன். வாத்தியாரை மனதுக்குள் மன்னித்துவிட்டேன்.

வகுப்பு முடியும்வரை பெற்றோர்கள் கீழே நாற்காலிகளில் காத்திருப்போம். பொழுது போவதற்காக டி.கே. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை'யைப் படித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளைக் கூட்டமாக உட்கார வைத்து நாடக மேடையில் பாட்டுச் சொல்லிக் கொடுப்பது எங்கள் சபா செக்ரட்டரியின் கண்டுபிடிப்பு அல்ல என்பது அதில் தெரிந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை ஆரம்பித்தார். சண்முகம் அதில் சேரும்போது வயது ஆறு. அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனிகளில் பிள்ளைகள் அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, நாடகம் முழுவதையும் பாட்டோடும் வசனத்தோடும் நெட்டுருப் போட்டார்கள். எம்.ஜி.ஆர். சிறு வயதில் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் இருந்தது ஊரறிந்த விஷயம். மைக் கிடையாது. கடைசி வரிசையில் மண் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கேட்க வேண்டும், ஆகவே சுருதி உச்சத்தில் இருக்கும். பதின்மூன்று, பதினாலு வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததோ, நேற்றுவரை ராஜபார்ட்டாக இருந்தவனுக்குப் பாட்டு போயிற்று, வேஷம் போயிற்று. அந்தப் பிள்ளைகளின் சோறு தொண்டையில் இருந்தது. குருகுலத்தில் ஒரு சிஷ்யன் சறுக்கினால் குருவுக்கு மட்டும் தெரியும். நாடக மேடையில் சறுக்கினால் அரையணா கொடுத்தவனுக்கெல்லாம் தெரியும். இரண்டு படிப்பும் ஒன்றல்ல, இரண்டாவதில் தைரியம் முதல் பாடம் என்பது என் கட்சி. என் பெண்ணைப் பொறுத்தவரை, வகுப்பு முடிந்ததும் ஒரு பாதாம் பால் கிடைக்கும் என்பதே பாடத்துக்கான உந்துதல்.

புத்தகம் படித்ததால் எனக்கும் கொஞ்சம் சங்கீத அபிமானம் வந்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, தொடையில் தாளம் போட ஆரம்பித்தேன். பக்கத்து நாற்காலி அப்பா ஒருவர் மரியாதையோடு என்னைப் பார்த்தார். அதனால் தட்டைச் சற்று ஓங்கித் தட்டினேன், வீச்சைச் சற்று வீசினேன். தலையையும் இரண்டு ஆட்டு ஆட்டினேன். அன்றைக்கு மேடையில் பாட்டு நாலைந்து தடவை நின்று நின்று போயிற்று. டீச்சர் பொறுமையாக மறுபடி மறுபடி ஆரம்பித்தார். கடைசியில் மேடை விளிம்புக்கு வந்து, மிகவும் தயங்கி, "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க தாளம் போடாம இருக்க முடியுமா? பசங்க எல்லாம் உங்களைப் பார்த்துப் போடறாங்க" என்றார்.

மேடையைப் பார்த்தேன். பதினாறு ஜோடிக் கண்கள் என் தொடையின் மேல் இருந்தன. மூணரைக் கட்டைக்காரனுக்குத் தாளமும் ஏழரை எண்ணிக்கையில் வந்திருக்கும்போலும். பக்கத்து நாற்காலிக்காரர் அவசரமாகத் தன் செல்போனில் எதையோ தேடினார். அதன்பிறகு நான் தூணுக்குப் பின்னால் உள்ள நாற்காலிக்குக் குடிபெயர்ந்தேன். அங்கிருந்து மேடை தெரியாது, மேடைக்கும் நான் தெரியமாட்டேன். சங்கீதத்துக்கு நான் செய்த மிகப் பெரிய சேவை அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் சபாவில் வேலை வெட்டி இல்லாமல் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனைக் கமிட்டி விட்டுவைக்காது. ஆண்டு விழா வந்தது. முதலில் பிள்ளைகளின் பாட்டு, பிறகு பிரமுகர் பேச்சு, அப்புறம் நாடகம். ஒரு சரளி வரிசை மூன்று காலத்தில், தொடர்ந்து மலஹரியில் பிள்ளையார் கீதம். மலஹரியில் நி கிடையாது, ஏறும்போது கவும் கிடையாது என்று கேள்விப்பட்டதும் சுமை குறைந்ததில் எனக்கு மகா திருப்தி. செக்ரட்டரி என் தோளில் கை போட்டு, "உங்களுக்குப் பெரிய வேலை ஒண்ணுமில்லை சார். சுருதிப் பெட்டியைப் பார்த்துக்குங்க" என்றார்.

மேடையில் இருந்த ஒரே பிளக் பாயிண்ட் சோபாவுக்குப் பின்னால் இருந்தது. அது லூஸ். விரலால் அழுத்திப் பிடித்தால் சுருதி பாடும், எடுத்தால் நின்றுவிடும். தரையில் உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்தேன், எட்டவில்லை. சோபாவின் கைப்பிடியை ஒட்டி உட்கார்ந்து இடது கையைப் பின்னால் விட்டால் மட்டுமே எட்டியது. தடை செய்யப்பட்ட அந்தச் சோபாவில் கடைசியில் உட்கார்ந்தது நான்தான். பிள்ளைகள் என்னைப் பொறாமையோடு பார்த்தார்கள். பாட்டு ஆரம்பித்ததும் பெட்டியைப் பாட்டரிக்கு மாற்றிவிட்டு நான் இறங்கிவிடுவதாக ஏற்பாடு. பாட்டரி வாங்கப் போனவர் வருவதற்குள் திரை தூக்கப்பட்டது.

முந்நூறு பேர். முன் வரிசையில் பிரமுகர். மேடையில் பட்டுப்பாவாடையும் வேட்டியுமாகப் பதினாறு பிள்ளைகள். நடுவே, வெளிச்சத்தில், சோபாவில் நான். எழுந்து போகலாமென்றால் சுருதி நின்றுவிடும். என்ன செய்வதென்று தெரியாமல், வலது கையால் டீபாயில் இருந்த தினசரியை எடுத்து விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். அரங்கத்தில் ஒரு சிரிப்பு அலை. சபா நாடகம் பார்த்துப் பழகிய ஜனங்கள். திரை தூக்கும்போது சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் குடும்பத் தலைவரை அவர்கள் ஐம்பது வருடமாகப் பார்த்துவருகிறார்கள். சிலர் கைகூடத் தட்டினார்கள்.

கூட்டத்தைப் பார்த்ததும் முன் வரிசைப் பிள்ளைகளுக்கு வாய் அடைத்துவிட்டது. ஸ மட்டும் எல்லோரும் பாடினார்கள். பிறகு ஒவ்வொரு குரலாக உதிர்ந்தது. மூன்றாம் வரிசையிலிருந்து ஒரே ஒரு குரல் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ரி அதன் இடத்தில் இருந்தது. க, ம, ப, த, நி எல்லாம் வரிசையாக வந்தன. மற்றவர்கள் பாடாததால் அவர்கள் பங்கையும் சேர்த்துப் பாட வேண்டியதாகிவிட்டது என்று அவள் பிற்பாடு புகார் செய்தாள். பேப்பரைக் கொஞ்சம் இறக்கி எட்டிப் பார்த்தேன். அது என் வீட்டு உருப்படி என்று தெரிந்த பரவசத்தில் சோபாவிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். பிளக் கையோடு வந்தது. சுருதி நின்றது. அரங்கம் கொல்லென்று சிரித்தது. அவள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவள் அம்மாவின் பார்வை. பாட்டை நிறுத்தவில்லை. நான் உட்கார்ந்து பிளக்கைத் தேடிச் செருகுவதற்குள் கண்ணாடிப் பெண் சேர்ந்துகொண்டாள், டவர் பையன் சேர்ந்துகொண்டான், பதினாறும் வந்து சேர்ந்தது. சுருதி திரும்பி வந்தபோது அவர்கள் அதிலிருந்து அரைக் கட்டைதான் விலகியிருந்தார்கள் என்று மனைவி கணக்குச் சொன்னாள். மூன்றாம் காலத்தில் எல்லோர் கையும் வழக்கம்போல் பறந்தது. யாரும் கவலைப்படவில்லை.

பிறகு பேச்சு, நாடகம் எல்லாம் நடந்தன. இடைவேளையில் கேன்டீன் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எங்கேயோ பார்த்த முகம் என்ற யோசனையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தன் மனைவியிடம் சொன்னார்:

"முதல் சீன்ல பேப்பர் படிச்சிண்டிருந்தாரே ஒருத்தர், அந்த அப்பா கேரக்டர் நல்ல இயல்பான நடிப்பு. அதுக்கப்புறம் ஆளையே காணோமே, கதைல செத்துப் போயிட்டாரா?"

"இல்லைங்க" என்றாள் என் மனைவி. "வடை வாங்க வந்திருக்கார்."